காற்றைக் கழுவும் பெயின்ட்: வெளிச்சுவருக்குச் சரி, படுக்கையறைக்கு வேண்டாம்

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவசரக்காரர்கள் அதோடு கிளம்பலாம். ரோட்டைப் பார்த்த வெளிச்சுவர், அதுவும் மேற்கு வெயில் அடிக்கிற சுவராக இருந்து, கையில் காசும் இருந்தால், வெயில் பட்டால் அழுக்கைத் தானே தின்னும் என்று விற்கிற இந்தக் கோட்டிங்கை அடிக்கலாம். சுவர் நிஜமாகவே சுத்தமாக இருக்கிறது. 'உங்கள் தெருக் காற்றையே கழுவும்' என்ற விளம்பரத்தை நம்பி வாங்குவதாக இருந்தால் வேண்டாம். வீட்டுக்குள் அடிக்க என்று தனியாக ஒரு வகை வருகிறதே, அதை என் கடையில் வைக்கவே இல்லை.

பாளையங்கோட்டையில் அப்பா ஆரம்பித்த பெயின்ட், ஹார்டுவேர் கடை. இப்போது கல்லாவில் உட்காருவது நான். படித்தது வேதியியல், பிழைப்பது பட்டியிலும் பிரைமரிலும். விற்கிறவளே மதிப்புரை எழுதுவதா என்று கேட்பீர்கள். நியாயம்தான். இந்தச் சரக்கில் எனக்குச் சாதாரண எமல்ஷனைவிட மார்ஜின் அதிகம் என்பதையும் சொல்லிவிட்டேன், மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள். கம்பெனிப் பெயரைப் போடவில்லை. இதே ரகம் வேறு வேறு லேபிளில் வருகிறது. நான் சொல்வது பெரும்பாலும் எல்லாவற்றுக்கும் பொருந்தும்.

சரக்கு இரண்டு டின். ஒன்று அடிப்பூச்சு, இன்னொன்று மேல்பூச்சு. மேல்பூச்சில் இருப்பது டைட்டானியம் டை ஆக்சைடு, மிக மிக நுண்ணிய தூளாகத் தண்ணீரில் கலந்தது. உலர்ந்தபின் கண்ணுக்கே தெரியாது, கீழே அடித்த வெளிர் நிறம் அப்படியே தெரியும். இரண்டு டின்னும் சேர்ந்து சதுர அடிக்கு ஆகும் செலவு, நல்ல எக்ஸ்டீரியர் எமல்ஷனுக்கு ஆவதைப் போல மூன்று மடங்கு வருகிறது. கூலி தனி. எங்கள் மேஸ்திரி அண்ணாச்சி மூடியைத் திறந்து உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, "என்ன தங்கச்சி, மோருல இன்னும் ரெண்டு செம்பு தண்ணிய ஊத்துன மாதிரில்லா இருக்கு! இதுக்கா இம்புட்டு ரூவா கேக்கான்?" என்றார். அவருக்குக் கெட்டியாக இருந்தால்தான் பெயின்ட்.

டைட்டானியம் இல்லாமல் பெயின்ட் கடை கிடையாது. வெள்ளை என்று வருகிற டின்னிலும், டின்டிங் மெஷினுக்கு வைக்கிற ஒயிட் பேஸிலும், பழைய நிறத்தை மறைக்கிற வேலையைச் செய்வது அதுதான். அது வருவதும் நமக்குத் தெரியாத ஊரிலிருந்து அல்ல. மணவாளக்குறிச்சியில் பிரித்தெடுக்கிற, உவரிப் பக்கம் கடற்கரையில் கறுப்பு வரிகளாகக் கிடக்கிற தாது மணலில் இல்மனைட் இருக்கிறது: இரும்பும் டைட்டானியமும் ஆக்சிஜனோடு சேர்ந்த கறுப்புத் துகள். மலைப் பாறையிலிருந்து ஆறுகள் அரித்துக்கொண்டு வந்ததைக் கடல் கொழித்து ஒதுக்கி வைத்திருக்கிறது. அந்தக் கறுப்பை உடைத்துத்தான் இந்த வெள்ளையை எடுக்கிறார்கள்.

இந்த வெள்ளைக்கு ஒரு துர்க்குணம் உண்டு. சில வருஷம் வெயில் தின்ற மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரில் கையை வைத்தால் உள்ளங்கையில் வெள்ளையாக ஒட்டும். பெயின்டர்கள் 'பவுடர் விடுது' என்பார்கள். மழையும் வெயிலும் காரணம் என்று வாடிக்கையாளர்களிடம் சொல்லி அனுப்புவோம். முழுக் காரணம் டின்னுக்குள்ளேயே இருக்கிறது. வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர் டைட்டானியம் டை ஆக்சைடு மேல் பட்டதும், அதிலிருந்து ஒரு எலக்ட்ரான் துள்ளி எழுகிறது. இருந்த இடம் காலியாகிறது. துள்ளிய எலக்ட்ரானைக் காற்றின் ஆக்சிஜன் பிடித்துக்கொள்ளும். காலியான இடம் பக்கத்தில் ஒட்டியிருக்கும் ஈரத்திலிருந்து எலக்ட்ரானைப் பிடுங்கும். அப்போது பிறப்பது ஹைட்ராக்சில் என்ற அரைகுறை மூலக்கூறு. அதற்குப் பொறுமையே கிடையாது, கிட்டத்தில் எது கிடைத்தாலும் கடிக்கும். பெயின்டில் கிட்டத்தில் கிடைப்பது, எல்லாவற்றையும் பிடித்து வைத்திருக்கிற பிசின். பிசின் போனால் தூள் உதிரத்தானே செய்யும்? அதனால்தான் பெயின்டுக்குப் போகிற டைட்டானியம் துகள் ஒவ்வொன்றின் மேலும் சிலிக்கா, அலுமினா என்று மெல்லிய உறை போட்டு அனுப்புகிறார்கள்.

நான் விற்கிற இந்தக் கோட்டிங் அந்தத் துர்க்குணத்தையே மூலதனமாக்கியது. உறையை எடுத்துவிட்டார்கள். பெயின்ட் துகள் 0.2 அல்லது 0.3 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) என்றால், இதில் அதற்கும் பத்தில் ஒரு பங்கு. அதனால் எடைக்கு எடை மேற்பரப்பு பல மடங்கு கூடிவிடுகிறது. படிக வகையும் வேறு. பெயின்டுக்கு ரூட்டைல், இதற்கு அனடேஸ். ஜப்பானில் ஃபுஜிஷிமாவும் ஹோண்டாவும் டைட்டானியம் டை ஆக்சைடு மேல் ஒளியைக் காட்டியே தண்ணீரைப் பிரிக்கலாம் என்று 1972-ல் எழுதினார்கள். அங்கிருந்து கிளம்பியதுதான் இந்தத் தொழில் முழுவதும். 1997-ல் இன்னொரு குணத்தையும் கண்டார்கள்: புற ஊதா பட்ட பரப்பில் தண்ணீர் முத்து முத்தாக நிற்காது, தகடாகப் படரும். அழுக்குக்கு அடியில் புகுந்து அதைத் தூக்கிக்கொண்டு வழியும்.

கம்பெனிப் பிரதிநிதி சொன்னதை அப்படியே ஏற்காமல் நானே சோதித்தேன். செலவு ஒன்றும் இல்லை, நீங்களும் செய்யலாம். மெருகு இல்லாத வெள்ளை டைல்ஸ் துண்டுகள் மூன்று. இரண்டில் கோட்டிங் அடித்தேன், ஒன்றை வெறுமனே விட்டேன். மீன் தொட்டிக் கடையில் மெத்திலின் ப்ளூ என்று சின்னக் குப்பியில் தருவார்கள், அதைத் தண்ணீரில் கரைத்து மூன்றிலும் ஒரே அளவு தடவினேன். கோட்டிங் அடித்த ஒன்றைக் கடைக்குள் எல்இடி விளக்குக்கு நேர் கீழே வைத்தேன். மற்ற இரண்டும் மொட்டைமாடி வெயிலுக்குப் போயின. மாடியில் கோட்டிங் அடித்த துண்டு, மதியச் சாப்பாடு முடிந்து போய்ப் பார்த்தபோது நீலம் இருந்த இடம் தெரியாமல் வெளுத்திருந்தது. ஓரத்தில் கோட்டிங் படாத ஒரு விரற்கடை அகலத்தில் மட்டும் நீலக்கோடு. வெறும் துண்டும் கொஞ்சம் மங்கியது, சாயத்தை வெயில் சும்மாவே தின்னும். கடைக்குள் விளக்கடியில் இருந்தது மட்டும் வைத்த நீலம் வைத்தபடி இருந்தது.

அந்த மூன்றாவது துண்டில்தான் இந்த மதிப்புரையில் பாதி இருக்கிறது. அதற்குப் பிறகு வருகிறேன்.

சுவருக்கு வருவோம். அண்ணன் வீடு கே.டி.சி. நகரில், நாலுவழிச் சாலை இரைச்சல் வீட்டுக்குள் கேட்கிற தூரம். மேற்குச் சுவர் முழுவதும் லாரிப் புகையின் எண்ணெய்க் கறுப்பு. அடுப்படி எக்ஸாஸ்ட் ஃபேனுக்குக் கீழே தாளிப்பு எண்ணெய் பழுப்பாக வழிந்து ஒரு தாரை. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பட்டி பார்த்து, இளமஞ்சள் எமல்ஷன் அடித்து, பாதிச் சுவருக்கு மட்டும் இந்தக் கோட்டிங்கை ஸ்ப்ரே செய்யச் சொன்னேன். மதினிக்கு அதில் கோபம். "ஏட்டி, எங்க வீடுதான் ஒனக்கு சோதனைச் சாலையா? அடிச்சா முழுசும் அடி" என்றாள். பாதி விட்டால்தானே வித்தியாசம் தெரியும்?

தெரிந்தது. ஒரு வடகிழக்குப் பருவமழை தாண்டியதும் ஃபேனுக்குக் கீழே இருந்த எண்ணெய்த் தாரை கோட்டிங் பக்கத்தில் வரவே இல்லை. லாரிக் கறுப்பும் கோட்டிங் பக்கம் ஒரு படி வெளிறித்தான் இருக்கிறது. பக்கத்தில் நின்று பார்த்தால் நடுவில் நூல் பிடித்த மாதிரி எல்லை தெரிகிறது. மதினி இப்போது விருந்தாளிகளிடம் அந்த எல்லையைக் காட்டிப் பெருமை பேசுகிறாள்.

போகாதது செம்மண். ஆனி, ஆடிக் காற்றில் செம்மணல் தேரிப் பக்கமிருந்தும் கல் குவாரிப் பக்கமிருந்தும் வந்து அப்புகிற தூசி, கோட்டிங் அடித்த பக்கம், அடிக்காத பக்கம் என்று பார்க்காமல் உட்காருகிறது. இதில் கோட்டிங்கைக் குறை சொல்ல முடியாது. ஹைட்ராக்சில் கடிப்பது கரிமப் பொருளை: எண்ணெய், புகைப் பிசுக்கு, பாசி. செம்மண்ணின் சிவப்பு இரும்பு ஆக்சைடு. அது ஏற்கெனவே ஆக்சிஜனோடு சேர்ந்து முடிந்தது, அதில் கடிக்க ஒன்றும் மிச்சமில்லை. மழையோ ஹோஸ் பைப்போதான் கழுவ வேண்டும். திருநெல்வேலியில் மழை என்பது ஐப்பசி, கார்த்திகைதான். தையிலிருந்து புரட்டாசி வரை பெய்வது சுவரைக் கழுவப் போதாது. வருஷம் முழுக்க மழை தூறுகிற ஊர்களில் எடுத்த போட்டோவை நம் ஊர் நோட்டீஸில் போட்டால் இந்த இடத்தில்தான் உதைக்கும்.

திசை விஷயம் நோட்டீஸில் இல்லவே இல்லை. நம் ஊர் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 8.7 பாகையில் இருக்கிறது. சித்திரை பிறக்கிற சமயம் உச்சி வெயில் நேர் தலைக்கு மேல். அதற்குப் பிறகு ஆவணி நடு வரை நடுப்பகல் சூரியன் நமக்கு வடக்கே நிற்கும். அப்போதுதான் வடக்குச் சுவர் வெயிலைப் பார்க்கும். ஐப்பசி மழையில் குளியலறைக்கு வெளியே வடக்குச் சுவரில் பாசி பிடிக்கிற காலத்தில் சூரியன் தெற்கே போயிருக்கும். பாசிக்காக வடக்குச் சுவருக்கு இதை அடிக்கிறேன் என்று வந்த இரண்டு பேரை, பாசி மருந்து கலந்த சாதாரண எமல்ஷனோடு திருப்பி அனுப்பினேன். மார்ஜின் போனது போகட்டும்.

இனி காற்றுக்கு வருகிறேன். பிரதிநிதி கடைக்கு ஒரு கண்ணாடிப் பெட்டியோடு வந்தார். உள்பக்கம் கோட்டிங் அடித்தது, மேலே ஒரு புற ஊதா விளக்கு. ஊதுபத்தியைக் கொளுத்தி உள்ளே புகையை நிரப்பி மூடினார். கொஞ்ச நேரத்தில் புகை அடங்கிப் பெட்டி தெளிந்தது. கடையில் நின்றவர்களெல்லாம் 'அடேயப்பா' என்றார்கள். நான் கடைப் பையனை விட்டு, ஷோகேசில் இருந்த பழைய கண்ணாடிப் பெட்டியைக் கொண்டுவரச் சொல்லி, விளக்கும் இல்லாமல் கோட்டிங்கும் இல்லாமல் அதே ஊதுபத்தியைக் கொளுத்தினேன். அதிலும் புகை அடங்கியது. மூடிய பெட்டிக்குள் புகைத் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டும், சுவரில் ஒட்டும், அடியில் இறங்கும். அதற்கு வேதியியலே தேவையில்லை. பிரதிநிதி நல்ல பையன், சிரித்துக்கொண்டு டீ குடித்துவிட்டுப் போனார்.

நோட்டீஸ் சொல்வது இது: வண்டிப் புகையில் வரும் நைட்ரஜன் டை ஆக்சைடு சுவரில் பட்டு நைட்ரேட்டாக மாறும், மழை கழுவிவிடும், ஒரு சுவர் இத்தனை மரத்துக்குச் சமம். முதல் பகுதியில் உண்மை இருக்கிறது, சோதனைக் குழாயில் நடக்கும். தெருவில் நடக்க, காற்று சுவரைத் தொட வேண்டும். ஆடிக் காற்றில் ஒரு வீட்டுச் சுவரை இரண்டு நொடியில் காற்று கடந்துவிடும். அதிலும் சுவரை ஒட்டிய மிக மெல்லிய அடுக்குக்குத்தான் தொடும் பாக்கியம். பெல்ஜியத்தில் பிரஸ்ஸல்ஸ் நகரத்து லியோபோல்டு சுரங்கச் சாலையின் உட்சுவரில் இதே வகைப் பூச்சை அடித்து, புற ஊதா விளக்கும் மாட்டி, 2011-லும் 2013-லும் அளந்து பார்த்தார்கள். மூடிய சுரங்கம், வரிசையாக வண்டிகள், இதைவிட வாகான இடம் கிடைக்காது. நைட்ரஜன் ஆக்சைடு குறைந்தது அதிகபட்சம் 2 சதவீதம். சுரங்கத்தின் அழுக்கிலேயே பூச்சு வேலை செய்வதை நிறுத்திக்கொண்டது. திறந்த வெளியில் நம் சுவர் எந்த மூலைக்கு?

ஆனால் வெயிலும் துகளும் சேர்ந்து காற்றை மாற்றுகிற வேலை பெரிய அளவில் நடக்கத்தான் செய்கிறது. அது நடப்பது நம் தலைக்கு மேலே, மிதக்கிற தூசியில். எனக்குக் கை பழகியது சதுர அடிக் கணக்கு, அதிலேயே போட்டுப் பார்த்தேன். 10 மைக்ரானுக்கு உட்பட்ட தூசி 24 மணி நேரச் சராசரியில் ஒரு கன மீட்டர் காற்றுக்கு 100 மைக்ரோகிராம் வரை இருக்கலாம் என்பது நம் நாட்டின் 2009-ம் வருஷத் தரவரம்பு. அந்த நூறையும் ஒரு மைக்ரான் குறுக்களவுள்ள மண் உருண்டைகளாக வைத்துக்கொண்டால், ஒரு கன மீட்டரில் தொங்குகிற தூசியின் மேற்பரப்பு சுமார் 2.3 சதுர சென்டிமீட்டர். கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிது, அவ்வளவுதான். ஆனால் அதை ஒரு கிலோமீட்டர் உயரத்துக்கு அடுக்கிப் பாருங்கள். 1,200 சதுர அடி மனைக்கு நேர் மேலே, கிட்டத்தட்ட 275 சதுர அடிச் 'சுவர்' தூளாகி மிதக்கிறது. அது ஒரு பக்கமாக நிற்காது. நாலா பக்கமும் காற்று அதைத் தொடும், நாள் முழுக்க வெயில் படும், ஊர் ஊராகப் போகும். எவனும் கோட்டு அடிக்கவும் வேண்டாம்.

அதன் மேல் என்ன நடக்கிறது? சாதாரண மண் தூசியிலும் டைட்டானியம் டை ஆக்சைடு கொஞ்சம் உண்டு, எடையில் ஒரு சதவீதத்தை ஒட்டி. இரும்பு அதைவிட அதிகம். வண்டிப் புகையின் நைட்ரஜன் டை ஆக்சைடு இருட்டில் அந்தத் தூசியின் மேல் பட்டால் பெரிதாக ஒன்றும் நடக்காது. வெயில் பட்டால் ஒட்டுகிற வேகம் கூடுகிறது, அதில் ஒரு பங்கு நைட்ரஸ் அமிலமாகி ஆவியாய்க் கிளம்புகிறது. நைட்ரஸ் அமிலத்துக்கு ஆயுள் குறைவு. காலை வெயிலே அதை உடைத்துவிடும். உடைந்தால் வருவது அதே ஹைட்ராக்சில். மெத்திலின் ப்ளூவைத் தின்றது, மொட்டைமாடிப் பிசினைத் தின்றது, அதுவேதான். காற்றில் ஒரு நொடிகூடத் தாங்காது. ஆனால் கார்பன் மோனாக்சைடையும் மீத்தேனையும் கரைப்பது முக்கியமாக அதுதான். மீத்தேன் வானத்தில் பத்து வருஷ அளவில் கரைந்துபோவதற்கு ஹைட்ராக்சில்தான் காரணம், இல்லாவிட்டால் குவிந்துகொண்டே போயிருக்கும்.

இதோடு நிறுத்தினால் நோட்டீஸ்காரர் ஜெயித்துவிடுவார். நிறுத்த முடியாது. ஹைட்ராக்சில் கடிக்கிற பட்டியலில் என் கடைச் சரக்கும் இருக்கிறது: தின்னர், டர்பன்டைன், புது எனாமல் வாசனை. பெட்ரோல் ஆவியும் உண்டு. இவற்றைக் கடித்து உடைக்கிறபோது பிறக்கும் துண்டுகள், வண்டிப் புகையின் நைட்ரஜன் ஆக்சைடோடும் வெயிலோடும் சேர்ந்தால் ஓசோன் ஆகும். மேலே அடுக்கில் நம்மைக் காக்கிற ஓசோன் அல்ல, மூக்குக்கு நேரே நிற்பது. நெஞ்சை எரிக்கும், பயிர் இலையைக் கருக்கும். லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்து மஞ்சள் மூட்டம் வெயிலில் சமைக்கப்பட்ட புகை என்று 1950-களின் தொடக்கத்தில் ஹாகென்-ஸ்மிட் காட்டினார். அன்னாசிப்பழ வாசனையை ஆராய்ந்துகொண்டிருந்த வேதியியல்காரர் அவர். இழுத்துக் கட்டிய ரப்பரில் எவ்வளவு வெடிப்பு விழுகிறது என்பதைக் கொண்டே அந்தக் காலத்தில் ஓசோனைக் கணக்கிட்டார்கள். பெயின்ட் கடைக்காரிக்கு இந்த மாதிரி அளவீடு ரொம்பப் பிடிக்கும்.

நைட்ரேட்டும் மழை கழுவுகிறவரை சும்மா கிடக்காது. தூசியின் மேலோ கடல் உப்புத் துகளின் மேலோ ஒட்டிய நைட்ரேட்டை வெயில் திரும்ப உடைத்து நைட்ரஜன் டை ஆக்சைடாகவும் நைட்ரஸ் அமிலமாகவும் காற்றுக்கே கொடுக்கிறது. வேகம் எவ்வளவு என்பதில் ஆய்வுக்கு ஆய்வு பெரிய வித்தியாசம் இருக்கிறது. நடக்கிறது என்பதில் சந்தேகம் இல்லை. என் சுவரிலும் அதேதான். மழை வராத தை முதல் புரட்டாசி வரை சுவரில் சேர்கிற நைட்ரேட்டில் ஒரு பகுதியை வெயில் திருப்பிக் கொடுக்கும். 'சுவர் உறிஞ்சிக்கொண்டது' என்று வரவு எழுதுகிறவர், இந்தச் செலவையும் எழுத வேண்டாமா?

கரித்துகள் கதை இன்னும் விசித்திரம். புதுக் கரி இருட்டில் நைட்ரஜன் டை ஆக்சைடைக் கொஞ்சம் பிடித்துவிட்டு, மேற்பரப்பு நிறைந்ததும் ஓய்ந்துவிடும். வெயில் இருந்தால் ஓய்வதில்லை, வினை தொடர்ந்துகொண்டே இருக்கிறது என்று 2010-ல் காட்டினார்கள். சருகும் குப்பையும் எரிக்கிற பழுப்புப் புகை, வெளிச்சுவரில் அடித்த மலிவுச் சிவப்பு மங்குவதைப் போலவே வெயிலில் நிறம் போகும். நிறம் போனாலும் துகள் போகவில்லை, நெஞ்சுக்குள் போகிற அளவு குறையவில்லை. இன்னொரு பக்கம், அடர்ந்த மண் தூசி ஓசோனைத் தானே பிடித்துக் குறைக்கவும் செய்யும், வெயிலை மறைத்து வினையை மந்தமாக்கவும் செய்யும். வெயில் பட்ட துகளுக்குச் சுத்தம் செய்கிற நோக்கமெல்லாம் இல்லை. உடைக்கும், உடைத்ததைப் பக்கத்தில் இருப்பதோடு சேர்க்கும். பக்கத்தில் இருப்பது எண்ணெய்ப் பிசுக்கானால் சுவர் வெளுக்கும், லாரிப் புகையும் தின்னரும் ஆனால் ஓசோன். இதைத்தான் கம்பெனிப் பிரதிநிதிப் பையனிடம் டீக்கடையில் சொன்னேன். "மேடம், நீங்க எங்க ட்ரெய்னிங்குக்கு வந்து பேசுங்க" என்றார்.

இப்போது அந்த மூன்றாவது டைல்ஸ் துண்டு. படுக்கையறைக்கு என்று வருகிற வகையை ஏன் வைக்கவில்லை என்றால், அனடேஸ் வேலை செய்ய 388 நானோமீட்டருக்குக் கீழான அலைநீளமுள்ள ஒளி, அதாவது புற ஊதா வேண்டும். வீட்டு எல்இடி விளக்கு தொடங்குவதே நீலத்தில். புற ஊதா என்று சொல்லும்படி ஒன்றும் கிடையாது. விளக்கடியில் வைத்த நீலம் அப்படியே இருந்ததற்கு அதுதான் காரணம். ஆகவே பெரும்பாலான அறைகளில் அது விலை கூடிய தண்ணீர். ஜன்னலோரம் வெயில் விழுகிற சுவரில் வேலை செய்யுமே என்பார்கள். செய்யும், அங்கேதான் எனக்குப் பயம். வினை முழுமையாக முடிந்தால் கார்பன் டை ஆக்சைடும் தண்ணீரும். பாதியில் நின்றால் ஃபார்மால்டிஹைடு போன்ற இடைப் பொருள்கள். 2007-ல் ஜெர்மனியில் அறைக்குள் அடிக்கிற இத்தகைய பெயின்டைச் சோதித்தபோது, பெயின்டின் சொந்தப் பிசினே உடைந்து ஃபார்மால்டிஹைடு வெளியேறியதைக் கண்டார்கள். கண் எரிச்சலுக்கும் அதைவிட மோசமானதற்கும் பேர் போன சரக்கு அது. இந்த வகையில் அந்த அளவு எவ்வளவு, சோதனை அறிக்கை தாருங்கள் என்று கம்பெனியிடம் எழுத்தில் கேட்டேன். "டெக்னிக்கல் டீம்ட்ட கேட்டுச் சொல்லுதோம்" என்று பதில் வந்தது. அதோடு சரி. அறிக்கை வராத சரக்கைப் பிள்ளைகள் தூங்குகிற அறைக்கு எப்படி விற்பது? அறைக் காற்றில் தூசிதான் பிரச்சினை என்றால் ஹெப்பா ஃபில்டர் போட்ட மெஷின் வாங்குங்கள், 0.3 மைக்ரான் துகளில் 99.97 சதவீதத்தைப் பிடிக்கும் என்பது அதன் இலக்கணம். அது என் கடையில் கிடையாது.

கம்பெனி சேவையில் நல்லதும் சொல்ல வேண்டும். பெயின்டர்களுக்கு ஒரு நாள் பயிற்சி கொடுத்தார்கள், சாப்பாடு போட்டு, தமிழில், பொறுமையாக. அடிப்பூச்சு ஏன் கட்டாயம் என்பதை மேஸ்திரி அண்ணாச்சிக்குப் புரிகிற மாதிரி சொன்னார்கள்: மேல்பூச்சு நேரடியாக எமல்ஷன் மேல் உட்கார்ந்தால் எமல்ஷனையே தின்றுவிடும், நடுவில் பிசின் இல்லாத தாது அடுக்கு ஒன்று வேண்டும். செலவு மிச்சம் பிடிக்கிறேன் என்று அடிப்பூச்சை விட்ட ஒரு வீட்டில், ஒரே கோடையில் சுவர் முழுக்கப் பவுடர் விட்டதை நானே பார்த்தேன். டீலருக்குத் தருகிற கடன் தவணையும் பரவாயில்லை. வாரன்டி மட்டும் பேப்பரில்தான். அவர்கள் ஆள் வந்து அடித்தால்தான் செல்லும், அவர்கள் ஆள் மதுரையிலிருந்து வர வேண்டும்.

வாங்குவதானால் சில விஷயம். முழு வீட்டுக்கும் வேண்டாம், ரோட்டுப் பக்கச் சுவருக்கும் அடுப்படி ஃபேன் இருக்கிற சுவருக்கும் போதும். அடர் நிறத்தின் மேல் அடித்தால் லேசாகப் பால் படிந்த மாதிரி தெரியும், வெளிர் நிறமே நல்லது. புதுப் பூச்சுச் சுவரானால் சிமென்ட் நன்றாகக் காயட்டும், 28 நாளாவது. அடிக்கிறவர் முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு அடிப்பது உதவாது, துகள் அடைக்கிற மாஸ்க் வேண்டும். மூச்சில் போகிற டைட்டானியம் டை ஆக்சைடு தூளைப் புற்றுநோய் வரச் சாத்தியமுள்ள பொருள்கள் வரிசையில் 2பி பிரிவில் வைத்திருக்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை. மாஸ்க் டின்னோடு வருவதில்லை. நான் இரண்டு சேர்த்துத் தருகிறேன், காசு வாங்குவதில்லை. ஆனி, ஆடியில் ஸ்ப்ரே கன்னை எடுக்கவே எடுக்காதீர்கள், பாதிச் சரக்கு பக்கத்து வீட்டுக் கார் மேல் போய்விடும். காற்று அடங்கின ஆவணிக் கடைசியில் வாருங்கள், கன் என்னிடமே வாடகைக்கு இருக்கிறது.